பகல் முழுக்க என்ன செய்யப் போகிறான்?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை படித்தபோது பையன் ஏதோ போலீஸ் கேஸில் மாட்டிக்கொண்டான் போல என்று பதறிவிட்டேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. மேற்கு சிட்னி ரக்பி லீக் கிளப் ஒன்று அவனை எஸ்.ஜி. பால் கப் என்ற இளைஞர் போட்டிக்கான பயிற்சிக் குழுவில் சேர்த்திருக்கிறது. அடுத்த வருஷம் அவனுக்கு எச்.எஸ்.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு. உங்கள் வீட்டுக்காரர் நாலு நாளாக அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. டூங்காபியில் இருக்கும் நாத்தனார் மகன் மெடிசினுக்கு யூகேட் நுழைவுத் தேர்வு எழுதுகிறான். "இவன் தாத்தா மதுரைப் பக்கம் சடுகுடு ஆடினவர், அந்தக் கிறுக்கு இவனுக்கு ஒட்டிக்கிச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் கொஞ்சம் பெருமையும் எட்டிப் பார்க்கிறது, இல்லையா?

"படிப்பா, ஆட்டமா, எதை விடச் சொல்ல?" என்று கேட்கிறீர்கள். எதையும் விடச் சொல்ல மாட்டேன். என்னுடைய கேள்வி வேறு. 18 வயதிலிருந்து 25 வயது வரை, திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரை உங்கள் பையன் என்ன செய்துகொண்டிருப்பான்? ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதற்கு, முதலில் அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று சொல்லிவிடுகிறேன்.

ரக்பி லீக்கில் 17 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஹெரால்ட் மேத்யூஸ் கப், 19-க்கு எஸ்.ஜி. பால், 21-க்கு ஜெர்சி ஃபிளெக். அதற்கு மேலே வயது வரம்பில்லாத நியூ சவுத் வேல்ஸ் கப். அதற்கும் மேலேதான் நீங்கள் டி.வி.யில் பார்க்கிற தேசிய லீக், என்.ஆர்.எல். கீழே இருக்கிற இந்தப் போட்டிகளை ஃபீடர் என்கிறார்கள், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மாதிரி. ஏரியின் கொள்ளளவு தெரிந்ததுதான்: இப்போது 17 கிளப், கிளப்புக்கு முதன்மைப் பட்டியலில் 30 பேர், ஆக 510 இடம். 2027-ல் பெர்த்தும் 2028-ல் பப்புவா நியூ கினியும் சேரும்போது இன்னும் கொஞ்சம் கூடும். அந்த 30 பேரில் ஒருவனாக வந்துவிட்டால் சம்பளத்துக்குக் குறைவில்லை. 2023-ல் அங்கே குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமே 1,20,000 டாலர்.

அதற்குக் கீழே கதை வேறு. நியூ சவுத் வேல்ஸ் கப் ஆடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. என்.ஆர்.எல் ஒப்பந்தம் இருந்தும் அந்த வாரம் மேல் அணியில் இடம் கிடைக்காதவர்கள், காயத்திலிருந்து திரும்பி வருகிறவர்கள் ஒரு வகை. மற்றவர்கள் பகலில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் பயிற்சிக்கு வருகிறவர்கள். ஆட்டத்துக்குக் காசு உண்டு. ஆனால் சிட்னியில் வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்த அது மட்டும் போதாது. சென்னை லீக் கிரிக்கெட்டில் வங்கி அணிக்கோ கம்பெனி அணிக்கோ ஆடினால் வேலையும் சேர்ந்து வரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே அப்படி இல்லை. வேலையை அவனவன்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாரிக்வில் ஹென்சன் பார்க்குக்குப் போயிருந்தேன். நியூடவுன் ஜெட்ஸின் மைதானம். ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கு மண் தோண்டிய பள்ளம் அது. புல்மேட்டில் நாய்களோடும் பீரோடும் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டம் முடிந்து காருக்குப் போகும்போது, சற்று முன் 80 நிமிஷம் முட்டி மோதிய ஒரு ஆள், தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, ஏணி கட்டிய யூட் வண்டியின் பின்னால் குழந்தையின் தள்ளுவண்டியை மடக்கி ஏற்றிக்கொண்டிருந்தான். இன்னொரு ஆட்டக்காரன் ஏதோ கூப்பிட்டதற்கு, "திங்கட்கிழமை ஆறரைக்கு சைட்டில் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். அவனைப் பார்த்தால் தோற்றுப்போனவன் மாதிரித் தெரியவில்லை. வீடு, வேலை, வார இறுதியில் நல்ல தரத்தில் ஒரு ஆட்டம். உங்கள் பையனுடைய இருபதுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். என்.ஆர்.எல் வந்தால் வரட்டும்.

இந்த ஆட்டம் பிறந்ததே வேலைக்கும் ஆட்டத்துக்கும் நடந்த தகராறில்தான். 1895 ஆகஸ்டில் வட இங்கிலாந்து கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிப் பழைய ரக்பி சங்கத்திலிருந்து பிரிந்தன. சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள், ஆட்டத்துக்காக இழந்த கூலியை ஈடுகட்டக் கேட்டார்கள், சங்கம் முடியாது என்றது. 1898-ல் புதிய அமைப்பு காசு வாங்கி ஆடலாம் என்று அனுமதித்தபோதுகூட, ஆடுகிறவனுக்கு ஒழுங்கான வேலை ஒன்று இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை போட்டது. சில வருஷத்தில் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்திருக்க வேண்டாம் என்பது என் தொழில்முறை அபிப்பிராயம்!

கிண்டலுக்குச் சொல்லவில்லை. 2008 முதல் 2017 வரை என்.ஆர்.எல் கிளப்புகள் 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு தேசியப் போட்டி நடத்தின. டி.வி.யில் வரும், ஊர் ஊராக விமானத்தில் போவார்கள். 19 வயதுப் பையனுக்கு ஏரிக்குள் வந்து சேர்ந்துவிட்டோம் என்றே தோன்றிவிடும். அதன் கடைசிக் காலத்தில் ஆடிய ஒருவன் 23 வயதில் என்னிடம் ஆலோசனைக்கு வந்தான். தோளில் இரண்டு அறுவை சிகிச்சை. கிளப்பிலிருந்து இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல். பல்கலைக்கழக இடத்தை ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு அதுவும் காலாவதி. அவன் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "ஆட்டம் போனதுகூடப் பரவாயில்லை சார். நாலு வருஷம் செவ்வாய்க்கிழமை பகல், வியாழக்கிழமை பகல் எல்லாம் எங்கே போச்சுன்னே நினைவில்லை." தூங்கியிருக்கிறான், வீடியோ கேம் ஆடியிருக்கிறான், ஜிம்முக்குப் போயிருக்கிறான். பயிற்சியோ வாரத்துக்குச் சில சாயங்காலம்தான். அவன் பகலை யாரும் பிடுங்கவில்லை. அவனாகத்தான் சும்மா விட்டுவிட்டான்.

சரி, எச்.எஸ்.சி.க்கு வருவோம். பதற வேண்டாத இடத்தில் பதறுகிறீர்கள், பதற வேண்டிய இடத்தை விட்டுவிட்டீர்கள். எஸ்.ஜி. பால் சீசன் பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் கடைசி, மே முதல் வாரத்துக்குள் முடிந்துவிடும். பள்ளி வைக்கும் மாதிரித் தேர்வான டிரையல் பரீட்சை ஆகஸ்ட் வாக்கில், எழுத்துத் தேர்வு அக்டோபரில். அவை மோதாது. மோதுவது முதல் டெர்ம். எச்.எஸ்.சி. மதிப்பெண்ணில் பாதி பள்ளி மதிப்பீட்டிலிருந்து வருகிறது, அதில் கணிசமான வேலைகள் ஆட்டம் உச்சத்தில் இருக்கும் பிப்ரவரி, மார்ச்சில் விழும். எனவே பள்ளி மதிப்பீட்டு அட்டவணை கைக்கு வந்ததும் ஆட்ட அட்டவணையோடு சேர்த்து ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். ஒரே வாரத்தில் இரண்டும் விழுந்தால் முன்கூட்டியே ஆசிரியரிடம் பேச வேண்டியது அவன், நீங்கள் அல்ல. தலையில் அடிபட்டால் விஷயத்தை மறைக்கக் கூடாது என்று இப்போதே சொல்லி வையுங்கள். என்.ஆர்.எல்-லே 2023-லிருந்து மூளை அதிர்ச்சி கண்டவர்களைப் பொதுவாக 11 நாள் உட்கார வைக்கிறது. பரீட்சை எழுதும் பையனுக்கு அதைவிட நிதானம் வேண்டும்.

பள்ளி முடிந்த பிறகு எந்தப் படிப்பு? ஆடுகிற பையன் என்றாலே விளையாட்டு அறிவியல் என்று விண்ணப்பம் நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடுவது லேசில்லை. உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியோடு சேர்த்துப் படித்தால் அது வேறு விஷயம். பள்ளிக்கூடம் மூன்று மணிக்கு முடியும், பயிற்சி அதற்கப்புறம். ஜெர்சி ஃபிளெக்கும் நியூ சவுத் வேல்ஸ் கப்பும் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை ஓடுவதால், படிப்பின் பெயரைவிட அதன் நேரக் கணக்கை முதலில் பாருங்கள். நர்சிங், பிசியோதெரபியில் முழுநேர மருத்துவமனைப் பயிற்சி வாரங்கள் வரும், நர்சிங்கில் ஷிஃப்டும் சேரும். முடியாது என்றில்லை, ஆனால் கிளப்போடு முன்னாலேயே பேசிவைக்க வேண்டும். பொறியியலைப் பகுதி நேரமாக நீட்டிப் படிக்கலாம். ஒரு பாடம் தாங்காது என்று தெரிந்தால் சென்சஸ் தேதி என்று பல்கலைக்கழகம் வைக்கும் கடைசி நாளுக்கு முன் விலகிவிட்டால் அதற்குக் கல்விக் கட்டணக் கடன் ஏறாது. ஒன்றை மறந்துவிடாதீர்கள். நீங்கள் இன்னும் குடியுரிமை வாங்காமல் நிரந்தர வசிப்பிலேயே இருந்தால், கல்விக் கட்டணக் கடன் பையனுக்குக் கிடைக்காது, முன்பணமாகக் கட்ட வேண்டிவரும். பல பெற்றோர் இதை பிப்ரவரியில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

எலக்ட்ரீஷியன் அப்ரென்டிஸ் பற்றிப் பையன் பேச்செடுத்ததும் வீட்டில் கச்சேரி நடந்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: நாலு வருஷம், இடையிடையே டேஃப் என்கிற அரசுத் தொழிற்கல்விக் கூடத்தில் வகுப்பு, முதல் நாளிலிருந்து சம்பளம், மூன்று மூன்றரைக்கு வேலை முடிந்துவிடும். நியூ சவுத் வேல்ஸ் கப்பில் கைத்தொழில்காரர்கள் நிறையப் பேர் இருப்பதற்கு இந்த நேரக் கணக்கும் ஒரு காரணம். ஒரே சங்கடம், விரல் ஒடிந்தால் ஆட்டத்தோடு வேலையும் நின்றுவிடும்.

அதனால் காப்பீட்டைப் பாருங்கள். பதிவு செய்த ஆட்டக்காரர்களுக்கு அடிப்படைக் காப்பீடு உண்டு. ஆனால் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் கொடுக்கிற எந்தச் சிகிச்சைக்கும், அதில் நாம் கையிலிருந்து கொடுக்கும் மீதித் தொகைக்கும் அது வராது. முழங்கால் தசைநார் அறுந்து தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் என்றால் பில் உங்களுடையது. தனியார் மருத்துவக் காப்பீட்டில் முழங்காலும் தோளும் சேர்ந்திருக்கிறதா, காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று பயிற்சி தொடங்கும் முன் விசாரியுங்கள்.

கிளப் விசுவாசம் என்று பையன் உருகினால் வென்ட்வொர்த்வில்லைக் காட்டுங்கள். நாம் தோசைக்கும் மளிகைக்கும் போகிற அதே ஊர். அங்குள்ள மேக்பைஸ் கிளப் பல வருஷம் பரமாட்டா ஈல்ஸின் ஃபீடராக நியூ சவுத் வேல்ஸ் கப் ஆடியது. 2019-ல் இறுதிப் போட்டிவரை போய் நியூடவுனிடம் தோற்றது. அதே வருஷம் ஈல்ஸ் அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டு, அடுத்த சீசனிலிருந்து இரண்டாம் அணியையும் தன் பெயரிலேயே நடத்த ஆரம்பித்தது. இந்த ஏற்பாடுகள் கிளப்புக்கும் கிளப்புக்கும் நடுவில் நடப்பவை, ஆட்டக்காரனைக் கேட்டு நடப்பதில்லை.

வெளியூர் போக நேர்ந்தாலும் மலைக்காதீர்கள். நியூ சவுத் வேல்ஸ் கப்புக்கு இணையான குயின்ஸ்லாந்து கப்பில் ஆடுவது பெரும்பாலும் அந்தந்த ஊர்களின் சொந்தக் கிளப்புகள்: மக்காய், டவுன்ஸ்வில், ராக்ஹாம்ப்டன், கெய்ர்ன்ஸ். என்.ஆர்.எல் கிளப்புகள் இவற்றோடு ஒப்பந்தம் வைத்துக்கொள்ளும். நிக்கோ ஹைன்ஸ் சிட்னியில் இடம் கிடைக்காமல் மக்காய் போய், சன்ஷைன் கோஸ்ட் ஃபால்கன்ஸில் ஆடி, 2019-ல்தான் என்.ஆர்.எல்-லில் கால் வைத்தார். 2022-ல் சிறந்த ஆட்டக்காரருக்கான டாலி எம் பதக்கம் வாங்கினார். உங்கள் வீட்டுக்காரருக்கு இன்னொரு பெயர் சொல்கிறேன், அவருக்குப் பிடிக்கும்: ஜஸ்டின் ஓலம். பப்புவா நியூ கினியின் சிம்பு மாகாணத்துக்காரர். லே நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு இயற்பியல் படித்தவர். குயின்ஸ்லாந்து கப்பில் ஹண்டர்ஸ் அணிக்கு ஆடி, மெல்பர்ன் ஸ்டார்முக்குப் போய், 2020-ல் என்.ஆர்.எல் கோப்பை வென்ற அணியில் இருந்தார். எல்லாரும் ஓலம் ஆக முடியாது, தெரியும். ஆனால் இயற்பியல் படித்தால் பந்து கையில் நிற்காது என்று யாராவது சொன்னால் இவரைக் காட்டலாம்.

கடைசியாக ஏஜென்ட். ஆட்டம் பார்க்க வந்த ஒருவர் கார்டு கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். என்.ஆர்.எல் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பட்டியல் வெளிப்படையாகவே இருக்கிறது. இந்த வயதில் அவசரமே இல்லை. "பயிற்சிக் குழு" என்பது ஒப்பந்தம் அல்ல. அவன் வீட்டில் என்ன சொல்லியிருந்தாலும் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. கிளப்பில் ஆட்டக்காரர் நலனும் கல்வியும் பார்க்க ஒருவர் இருப்பார். கோச்சிடம் பேசுவதற்கு முன் அவரைப் பிடித்து, போன மூன்று வருஷம் எஸ்.ஜி. பால் ஆடிய பையன்கள் இப்போது பகலில் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். விவரமாகப் பதில் சொன்னால் நல்ல கிளப். என்.ஆர்.எல் போன இரண்டு பேர் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால், மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று இன்னொரு தடவை கேளுங்கள்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன். அன்றைக்குப் பயிற்சி இருந்தால் புதனுக்கு மாற்றிக்கொள்ளலாம். கிளப் கொடுத்த தாளையும் பள்ளி மதிப்பீட்டு அட்டவணையையும் தம்பி எடுத்து வரட்டும். அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரே காரில் வந்தால் வழியிலாவது இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள்.