அவசர முடிவுகளும் கட்டிங் டேபிளும்

கேள்வி: திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கையில் ஐந்து ஆர்டர். பகல் முழுக்க மெயிலும் வாட்ஸ்அப்பும். முக்கியமான முடிவுகளைச் சாயங்காலம் அவசரமாக எடுத்து மாட்டிக்கொள்கிறேன். டைம் மேனேஜ்மென்ட் வகுப்பில் சேர்ந்தால் சரியாகுமா?

பதில்: அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். உங்கள் நிதானமான நேரம் சில்லறை வேலைக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான். பையர் ஜெர்மனியில் இருந்தால், அங்கே காலை 9 மணி என்பது இங்கே குளிர்காலத்தில் மதியம் 1.30, கோடையில் 12.30. அதுவரை அவர்கள் மெயில் தொல்லை பெரிதாக இருக்காது. லேப் டிப்பில் (சாயமிட்டுப் பார்க்கும் சிறு மாதிரித் துணி) எந்த ஷேடு என்பது போன்றவற்றை அப்போதே முடித்துவிடுங்கள். அந்த முடிவைத் தள்ளிப்போடும் இரண்டு நாள் சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் அழுத்துவது), கட்டிங், தையல் என்று நகர்ந்து, கடைசியில் தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட வைக்கும். சரக்கை விமானத்தில் அனுப்புவதைத் தவிர அப்போது வேறு வழி இருக்காது.

அப்புறம், வேலையை வெளிப் பட்டறைகளில் பிடித்துத் தரும் இந்த ஜாப் ஒர்க் புரோக்கர்கள். "ஒரு மணி நேரத்துல சொல்லுங்க, இல்லேன்னா மெஷினை வேற பார்ட்டிக்குக் கொடுத்துடுவோம்" என்பார்கள். அந்த அவசரம் அவர்களுடையது. எந்தப் பட்டறை, என்றைக்கு டெலிவரி, ஷேடு மாறினால் மறுசாயச் செலவு யாருடையது என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுதித் தராதவருக்குச் சரி என்று சொல்லவே கூடாது. கமிஷன் வாங்கியபின் போனை எடுக்காத ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பாலிபேக், கார்ட்டன் யாரிடம் வாங்குவது என்பதற்கெல்லாம் ஐந்து நிமிடம் போதும். கட்டிங் அப்படியல்ல, வெட்டிய துணி திரும்ப ஒட்டாது. பிபி சாம்பிளுக்கு (உற்பத்திக்கு முன் பையர் பார்த்து ஒப்புதல் தரும் மாதிரி உடை) 'திருத்தங்களோடு அனுமதி' என்று மெயில் வரும். பலரும் விழுவது இங்கேதான். திருத்தம் பேக்கிங்கில் மட்டும் என்றால் வெட்டலாம். அளவிலோ ஷேடிலோ என்றால் வெட்டாதீர்கள். அளவில் அரை சென்டிமீட்டர்தானே என்று நீங்களாக நினைத்துக்கொண்டும் வெட்டாதீர்கள். திருத்தியதைக் காட்டி மறுபடி ஒப்புதல் வாங்குங்கள். முதலாளி போனில் "வெட்டுப்பா" என்றால், "நீங்கள் சொன்னபடி இன்று வெட்டுகிறோம்" என்று அவருக்கு ஒரு மெயில் போட்டுவிட்டுத்தான் துணியைத் தொட வேண்டும்.

ஐந்நூறு ரூபாய் பட்டனுக்கு மூன்று கையெழுத்து கேட்கும் நிறுவனங்கள், லட்சக்கணக்கான ரூபாய்த் துணியை வெட்டுவதற்கு ஒரு போன் போதும் என்கின்றன. மாற்றுங்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. தப்பானால் பழி உங்கள் தலையில்.

நாளைக் காலை ஐந்து ஆர்டரின் டைம் அண்ட் ஆக்‌ஷன் சார்ட்டையும் (எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்ற அட்டவணை) எடுத்து, பிபி ஒப்புதல் வராதவற்றை முதலில் தனியே எடுத்து வையுங்கள்.