அரசு லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஓடுமா? வாசகர் கேள்வி பதில்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதில் இருந்து இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்கள் பெரும்பாலும் ஒரே ரகம்தான். மெஷின் நன்றாக இருக்கிறது, விண்டோஸ் 11 மட்டும் "தகுதி இல்லை" என்கிறது, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, என்ன செய்யலாம்? சரி, இந்த முறை முழுக்கப் பழைய மெஷின்களுக்கே ஒதுக்கிவிடலாம்.

கேள்வி: என் அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் இருக்கிறது. 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், பிராசசர் பென்டியம் பி950. தம்பி இப்போது பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ். விண்டோஸ் 11 போட்டுத் தர 800 ரூபாய் கேட்கிறார் கடைக்காரர். போடலாமா?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

போட முடியும். போட்ட பிறகு தம்பி அதைத் தொடுவாரா என்பதுதான் சந்தேகம்.

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், செக்யூர் பூட், டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சிப், இன்டெல் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். உங்கள் பி950 இரண்டாம் தலைமுறைக் காலத்து ஆள். ஆனால் இந்தப் பரிசோதனைகளைத் தாண்டிப் போவது பெரிய வித்தை இல்லை, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் பென் டிரைவ் தயாரிக்கும்போதே "இந்த நிபந்தனைகளை நீக்கு" என்று ஒரு டிக் இருக்கிறது, கடைக்காரர் 800 ரூபாய்க்குச் செய்யப்போவதும் அநேகமாக அதைத்தான். அதற்கு அப்புறம் நடப்பதைக் கேளுங்கள். டெஸ்க்டாப் வந்து நிற்கும்போதே 2 ஜி.பி. ரேம் கிட்டத்தட்டத் தீர்ந்திருக்கும். மிச்ச வேலைக்கு இடம் போதாமல் ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவதும் திரும்ப எடுப்பதுமாக ஓடும், டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் இறங்கவே இறங்காது, குரோமைத் திறந்துவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

அந்தக் காசை வேறு இடத்தில் போடுங்கள். முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, அதைவிட வேகமான ஒரு 240 அல்லது 256 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி., அடுத்தது ரேம். பழைய டி.டி.ஆர்.3 ரேம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் பயன்படுத்தியதே கிடைக்கும், மொத்தம் 4 ஜி.பி.யாவது ஆகட்டும், 8 கிடைத்தால் யோசிக்காமல் போடுங்கள். (நான்காம் தலைமுறை லேப்டாப் வைத்திருப்பவர்கள் 1.35 வோல்ட்டில் ஓடுகிற டி.டி.ஆர்.3எல் கேட்டு வாங்க வேண்டும், பழைய 1.5 வோல்ட் ரேம் அதில் வேலைக்கு ஆகாது.) மாற்றுவதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் பொதுவாக ஒரு தகரத் தட்டில் நான்கு சின்ன ஸ்க்ரூவில் நிற்கும். அந்தத் தட்டைத் தூக்கி எறியாமல் எஸ்.எஸ்.டி.க்கு மாட்டுங்கள், ஏனென்றால் பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்.எஸ்.டி. 7 மில்லிமீட்டர்தான், தட்டு இல்லாமல் செருகினால் கனெக்டரில் சரியாக உட்காராமல் ஆடும். "சில நாள் பூட் ஆகிறது, சில நாள் ஆகவில்லை" என்று கடைக்கு வருகிற கேஸ்களில் இதுவும் ஒன்று.

பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம், அதில் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான பதிப்பு. 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, டி.பி.எம். இருக்கிறதா என்றெல்லாம் கேட்காது. லினக்ஸ் என்றதும் வீட்டில் பயந்தால் ஒன்றைச் சொல்லுங்கள்: அரசு கொடுத்த அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தேதான் வந்தது, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கியது. பல வீடுகளில் அது பூட் மெனுவில் இரண்டாவது வரியாக இருந்ததோடு சரி, அதை யாரும் தொடவில்லை, அது நம் ராசி. தம்பிக்குப் பாடத்தில் வருவது இந்த வருடம் சி++, அடுத்த வருடம் பைதான். இரண்டையும் பழகிப் பார்க்க விண்டோஸ் தேவையே இல்லை, லினக்ஸைப் பற்றிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

கேள்வி: ஜவுளிக் கடை. ஆறாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப், 8 ஜி.பி. ரேம், விண்டோஸ் 10. டேலி, பில், ஜி.எஸ்.டி. எல்லாம் இதில்தான். பிரிண்டர் கேனன் எல்.பி.பி. 2900. லினக்ஸுக்கு மாறச் சொல்கிறான் மகன்.
(ஈரோடு)

மகன் நல்ல பையன், ஆனால் அவன் பேச்சை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். டேலி விண்டோஸுக்கு எழுதப்பட்டது, அதை லினக்ஸில் ஓட வைக்க முயல்வது பொழுதுபோக்காகச் செய்யலாம், கடை திறந்திருக்கும்போது செய்யக் கூடாது. பிரிண்டர் அதைவிட மோசம். எல்.பி.பி. 2900 மற்ற லேசர் பிரிண்டர்கள் பேசுகிற பொது மொழி எதையும் பேசாது, கேனனின் சொந்த முறையில்தான் பேசும், அதற்கு லினக்ஸில் இருக்கிற டிரைவர் மிகப் பழசு. இன்று அச்சடிக்கும், அடுத்த அப்டேட்டில் வாயை மூடிக்கொள்ளும், வாடிக்கையாளர் பில்லுக்காக நிற்கும்போது உங்கள் மகன் கறுப்புத் திரையில் ஏதோ தட்டிக்கொண்டிருப்பான்.

உங்களுக்கு இருக்கிற முதல் வழி, விண்டோஸ் 10-க்கான ஒரு வருட நீட்டிப்பு. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் காசு இல்லை, இல்லாவிட்டால் 30 டாலர். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யச் சொல்லும் இணைப்பு இருக்கும், பாருங்கள்.

இதே மெஷினில் விண்டோஸ் 11 போட வேண்டும் என்றால் முடியும். ஆறாம் தலைமுறை மெஷின்கள் பலவற்றில் டி.பி.எம். 2.0 பயாஸுக்குள் (மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற அடிப்படை மென்பொருள்) பி.டி.டி. என்ற பெயரில் தூங்கிக்கொண்டிருக்கும், அதை எழுப்பினால் ஒரு தடை தீரும், ஆனால் பிராசசர் தடை தீராது, அதற்கு ரூஃபஸ்தான். போட்ட பிறகு மாதாமாதம் வருகிற பாதுகாப்பு அப்டேட் பொதுவாக வருகிறது, ஆனால் "வரும் என்று நாங்கள் சொல்லவில்லை" என்று மைக்ரோசாஃப்ட் கையை விரித்துவிட்டது. வருடம் ஒருமுறை வருகிற பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் நீங்களே பென் டிரைவோடு உட்கார வேண்டும். வீட்டு மெஷின் என்றால் நானே செய்யச் சொல்வேன். கணக்கு மெஷினுக்கு நான் சொல்வது, நீட்டிப்பு முடிவதற்குள் அலுவலகங்களில் இருந்து வருகிற ரீஃபர்பிஷ்ட் டெஸ்க்டாப் ஒன்று வாங்குங்கள். மாடல் எண் ஐ5-8400 என்பது போல 8-ல் தொடங்கட்டும், அல்லது அதற்கு மேல். "ஐ5 சார், சூப்பர் மெஷின்" என்று 7500-ஐக் கட்டிவிடப் பார்ப்பார்கள், அதை வாங்கினால் திரும்ப இதே கடிதம் எழுதுவீர்கள்.

கேள்வி: கோர் 2 டுவோவில் விண்டோஸ் 11 23எச்2 நன்றாக ஓடியது. 24எச்2 போட்டால் லோகோவோடு நின்று திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. என்ன தவறு செய்தேன்?
(திருச்சி)

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. 24எச்2-வில் இருந்து பாப்கவுன்ட், எஸ்.எஸ்.இ. 4.2 என்கிற கட்டளைகள் பிராசசருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்டெலில் அவை இரண்டும் சேர்ந்து வந்தது கோர் 2-க்கு அடுத்த தலைமுறையில், 2008 கடைசியில். டி.பி.எம். தடை வாசலில் நிற்கிற காவல்காரர் மாதிரி, பேசித் தாண்டிப் போகலாம். இது அப்படி இல்லை, சிலிக்கானிலேயே இல்லாத ஒன்றை எந்த டிக்கும் கொண்டுவராது. யூடியூபில் "100% வொர்க்கிங்" என்று யாராவது சொன்னால் அவர் வைத்திருப்பது கோர் ஐ3 ஆக இருக்கும். 23எச்2-க்குத் திரும்பலாம் என்று பார்த்தால் அதன் ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கு 2025 நவம்பர் 11-லேயே அப்டேட் நின்றுவிட்டது. லினக்ஸ் போடுங்கள், கோர் 2 டுவோ 64 பிட் மெஷின், இன்னும் கொஞ்ச காலம் தாராளமாக ஓடும்.

கேள்வி: உங்கள் பேச்சைக் கேட்டு லினக்ஸ் மின்ட் போட்டேன். வைஃபை காணவில்லை, யூடியூப் திக்குகிறது, சில நாள் எந்த வெப்சைட்டும் பாதுகாப்பு இல்லை என்று திறக்க மறுக்கிறது. இதற்கு விண்டோஸே தேவலையே?
(தஞ்சாவூர்)

கோபம் புரிகிறது, மூன்றும் தனித்தனிச் சங்கதி.

கடைசியில் சொன்னதை முதலில் பாருங்கள். அந்த நாட்களில் கடிகாரத்தைப் பார்த்தீர்களா? 2010 ஜனவரி என்று காட்டிக்கொண்டிருக்கும். மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு பேட்டரி, சி.ஆர். 2032, தீர்ந்துபோயிருக்கிறது. கரண்ட் முழுக்க நின்றால் மெஷின் தேதியை மறந்துவிடும், வெப்சைட்டின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லாத தேதியில் நின்றுகொண்டு திறக்கச் சொன்னால் பிரவுசர் எப்படித் திறக்கும்? வாட்ச் கடையிலேயே கிடைக்கும், லேப்டாப் என்றால் ஒயரோடு வருகிற ரகமா என்று பார்த்து வாங்குங்கள்.

வைஃபை காணவில்லை என்றால் பிராட்காம் சிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். போனை யு.எஸ்.பி. கேபிளில் செருகி, டெதரிங் ஆன் செய்யுங்கள், நெட் வந்துவிடும். பிறகு மின்ட் மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் டிரைவர் வேண்டுமா என்று அதுவே கேட்கும்.

யூடியூப் திக்குவதற்கு லினக்ஸைத் திட்டி லாபம் இல்லை. யூடியூப் இப்போது அனுப்புவது வி.பி.9, ஏ.வி.1 வகை வீடியோ. உங்கள் காலத்துச் சிப்பில் எச்.264-ஐப் பிரிக்கத்தான் தனிப் பகுதி இருக்கிறது, புது வகைகளைப் பிராசசர் தம் கட்டிப் பிரிக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் ஃபேன் அலறுகிறது. எச்264ஐஃபை என்ற எக்ஸ்டென்ஷனைப் பிரவுசரில் சேர்த்தால் பழைய வகையையே கேட்டு வாங்கும். 720-க்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

கேள்வி: 2012 மாடல் மேக்புக் ப்ரோ, கேட்டலினா என்ற மேக் ஓ.எஸ். பதிப்போடு ஆப்பிள் கைவிட்டுவிட்டது. புது மேக் ஓ.எஸ். போட முடியும் என்கிறார்களே?
(கிராஃபிக் டிசைனர், கோயம்புத்தூர்)

ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்ற இலவசக் கருவி இருக்கிறது, அதை வைத்து செக்கோயா என்ற பதிப்பு வரை ஏற்றுகிறார்கள். ஆனால் உங்கள் மெஷினில் இருக்கிற இன்டெல் எச்.டி. 4000 கிராஃபிக்ஸுக்கான டிரைவரை ஆப்பிள் அதற்கு முந்தைய மான்டெரி பதிப்பிலேயே எடுத்துவிட்டது. பேட்சர் அந்தப் பழைய டிரைவரைத் திரும்பச் செருகித்தான் திரையை ஓட்டுகிறது, அதற்காகச் சிஸ்டத்தின் ஒரு பாதுகாப்புப் பூட்டைத் தளர்த்த வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் மறுபடி செருக வேண்டும். நாளைக்குக் காலையில் கிளையன்டுக்கு ஃபைல் கொடுக்க வேண்டியிருக்கும்போது இரவு அப்டேட்டை அழுத்தாதீர்கள், டைம் மெஷின் பேக்கப் இல்லாமல் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். இன்டெல் மேக்குகளுக்கு செக்கோயாவுக்கு அடுத்து வந்த டாஹோ பதிப்புதான் கடைசி, அதிலும் ஆப்பிள் சேர்த்துக்கொண்டது நான்கே நான்கு மாடல். அதனால் பேட்சரை இரண்டாவது மெஷினில் வைத்து ரசியுங்கள், சோறு போடுகிற மெஷினில் வேண்டாம்.

கேள்வி: ஆட்டம் என்270 நெட்புக், 1 ஜி.பி. ரேம். எது போடலாம்?
(நாகர்கோவில்)

அது 32 பிட் மட்டும். டெபியன் என்ற லினக்ஸில் 12-தான் 32 பிட்டில் நேரடியாக நிறுவக் கிடைத்த கடைசிப் பதிப்பு, 13-ல் இல்லை. 32 பிட் லினக்ஸுக்கு ஃபயர்பாக்ஸும் 144-ஓடு முடிந்துவிட்டது, குரோம் 2016-லேயே போய்விட்டது. டெபியன் 12 போட்டு பாட்டுக் கேட்கலாம், தட்டச்சுப் பழகலாம். பேங்க் வேலையை மட்டும் அதில் செய்யாதீர்கள்.

கேள்வி: டி.டி.பி. வேலை செய்கிறேன். மூன்றாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 7, பேஜ்மேக்கர், வானவில் எழுத்துரு. இருபது வருட ஃபைல் எல்லாம் அதில்தான். எல்லோரும் மாறச் சொல்கிறார்கள்.
(சிவகாசி)

மாற வேண்டாம், நெட் ஒயரைப் பிடுங்குங்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு அப்டேட் நின்றுவிட்டது, அதனால் அது நெட்டில் இருப்பதுதான் ஆபத்து, மேசையில் இருப்பது இல்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-ல், அதற்குப் புது விண்டோஸால் ஒரு பயனும் கிடையாது. மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் வேறு மெஷின் வைத்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன மின்ட் போட்ட பழைய லேப்டாப்பே போதும். வாடிக்கையாளர் அனுப்புகிற வானவில் ஃபைலை அதில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரியும், பதற வேண்டாம், எழுத்துரு ஃபைலை அதில் நிறுவிவிட்டு லிப்ரே ஆபிஸில் திறந்தால் தமிழாக வந்துவிடும். புதிதாகத் தட்டுவதை யூனிகோடில் தட்டுங்கள். லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் போட்டால் தமிழ்99 இருக்கிறது, பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையும் இருக்கிறது, உங்கள் கை மாற வேண்டியதில்லை.

இரண்டு மெஷினுக்கும் நடுவே ஃபைல் கொண்டுபோக ஒரு பென் டிரைவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பக்கத்துக் கடைக்கு இரவல் கொடுக்காதீர்கள். அந்த இருபது வருட ஃபைல்களை ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டா இந்தக் கடிதம் எழுதினீர்கள்? இன்றைக்கே வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுங்கள், விண்டோஸ் பிரச்சினையை அப்புறம் பார்க்கலாம்.