கீசரின் சிவப்புப் பொத்தான் அடிக்கடி விழுகிறதா? தெர்மோஸ்டாட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: தேவிகுளம் பக்கம் இருக்கிறோம். 15 லிட்டர் கீசர், 2,000 வாட். கொஞ்ச நாளாகத் தண்ணீர் ஆவி பறக்கக் கொதிக்கிறது, பிறகு ஒரேயடியாக நின்றுவிடுகிறது. மூடியைக் கழற்றிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடுகிறது. தெர்மோஸ்டாட் போன வருடம்தான் மாற்றியது. திரும்பவும் மாற்ற வேண்டுமா? நாங்களே மாற்றலாமா?

பதில்: மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஒரே வருடத்தில் ஏன் போனது என்று பார்க்காமல் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

அந்தச் சிவப்புப் பொத்தான் தெர்மோஸ்டாட்டைச் சேர்ந்ததல்ல, அதற்குக் காவலாக இருந்து, சூடு எல்லை மீறினால் கரண்ட்டைத் துண்டிக்கும் கட்-அவுட்டைச் சேர்ந்தது. தண்ணீர் 60 டிகிரி வந்ததும் தெர்மோஸ்டாட் கரண்ட்டை நிறுத்த வேண்டும். அதன் உள்ளே கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் நிறுத்தாது. சூடு ஏறிக்கொண்டே போய், பெரும்பாலும் 85-லிருந்து 95 டிகிரிக்குள் கட்-அவுட் விழும். உங்கள் வீட்டில் நடப்பது இதுதான். ஆகவே தெர்மோஸ்டாட் மாற்றும்வரை பொத்தானை அழுத்தி ஓட்டாதீர்கள். கட்-அவுட்டைத் தாண்டி ஒயரை 'டைரக்ட்' கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். டேங்க் மூடிய பாத்திரம். அதன்பின் வெடிக்காமல் காப்பது சேஃப்டி வால்வ் மட்டும்தான், அது உப்பு அடைத்துக் கிடந்தால் அதுவும் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. தண்ணீர் வராத நாளுக்கு மறுநாள் மட்டும் பொத்தான் விழுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்காதீர்கள். மேல்தொட்டி காலியாகும்போது, கீசருக்கு வரும் பைப்பில் உள்ள ஒருவழி வால்வ் பழுதாக இருந்தால் டேங்க் தண்ணீர் பின்னோக்கி இறங்கிவிடும். தண்ணீரைச் சூடாக்கும் காயில் தண்ணீர் இல்லாமல் வெறுமனே எரியும், கட்-அவுட் விழும். அங்கே மாற்ற வேண்டியது வால்வ்.

'சூடே ஏறவில்லை' என்ற புகாரும் மலைப்பகுதியில் அடிக்கடி வருவதால் இதையும் சொல்லிவிடுகிறோம். ஜனவரியில் 12 டிகிரியில் வரும் 15 லிட்டர் தண்ணீரை 60-க்குக் கொண்டுபோக, 230 வோல்ட்டில் சுமார் 25 நிமிடம் ஆகும். வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் அதே காயில் 1,225 வாட்தான் தரும், 40 நிமிடத்தைத் தாண்டும். தெர்மோஸ்டாட்டை எத்தனை முறை மாற்றினாலும் அந்த நேரம் குறையாது.

இனி சோதனை. சுவிட்சை மட்டும் நம்பாமல், மெயின் போர்டில் உள்ள எம்.சி.பி-யை (அந்த லைனின் கரண்ட்டைத் துண்டிக்கும் பிரேக்கர்) இறக்குங்கள். தவறாக ஒயரிங் செய்த வீட்டில் சுவிட்ச் நியூட்ரலை மட்டும் துண்டித்திருக்கும், ஃபேஸ் உள்ளே உயிரோடு இருக்கும். மூடியைத் திறந்ததும் எல்லா முனையிலும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். ஒயர்களைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துக் காயிலின் இரு முனைகளையும் அளந்தால் 2,000 வாட்டுக்கு 26 ஓம்ஸ் ஒட்டி வர வேண்டும். காயில் முனைக்கும் டேங்க் உடம்புக்கும் இடையே எதுவுமே காட்டக் கூடாது. காட்டினால் காயில் கசிகிறது, தெர்மோஸ்டாட் வேலையை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தெர்மோஸ்டாட்டை வெளியே எடுத்து டயலை 50-இல் வையுங்கள். இரண்டு டம்ளர் கொதிநீரோடு ஒரு டம்ளர் குளிர்ந்த நீர் கலந்தால் 65 டிகிரி ஒட்டி வரும். தெர்மோஸ்டாட்டின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துக்கொண்டு, சூட்டை உணரும் அதன் நீளமான கம்பியை மட்டும் அதில் முக்குங்கள், முனைகள் நனையக் கூடாது. 'டிக்' என்று சத்தம் வந்து மீட்டர் திறந்த நிலையைக் காட்ட வேண்டும். சூட்டிலும் பூஜ்யம் ஓம்ஸ் காட்டினால் காண்டாக்ட் ஒட்டிவிட்டது. கட்-அவுட்டை இப்படிச் சோதிக்க முடியாது. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

அடுத்தது, அது ஏன் சீக்கிரம் போனது என்பது. கழற்றிய ஒயர் முனைகளை வெளிச்சத்தில் பாருங்கள். ஒயர் நுனியில் உள்ள உலோகக் கொக்கி (லக்) கறுத்து, அருகில் உள்ள இன்சுலேஷன் பொரிந்து சுருங்கியிருந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது. இந்த முனைகள் வழியாக 8.7 ஆம்பியர் ஓடுகிறது. ஸ்க்ரூ சற்று தளர்ந்தாலே அந்த இடம் பழுக்கச் சுட்டு, சூடு உள்ளே போய் காண்டாக்டைக் கெடுக்கும். கறுத்த துண்டை வெட்டிவிட்டுப் புது லக் அழுத்திப் பூட்டுங்கள், கண்ணாடியிழை ஸ்லீவ் மாட்டுங்கள். இதே கறுப்பு 16 ஆம்பியர் பிளக்கின் உலோகக் கால்களிலும் இருக்கிறதா பாருங்கள். இன்னொரு காரணம், போன முறை குட்டையான கம்பி போட்டிருப்பது. கம்பி அதன் குழாய்க்குள் முழுதாக இறங்காவிட்டால் தண்ணீரின் சூடு தாமதமாகத்தான் தெரியும். மெல்லிய குழலும் குமிழும் உள்ள வகையென்றால் குழல் மடிந்திருக்கிறதா பாருங்கள். உள்ளே உள்ள திரவம் கசிந்தால் அந்தத் தெர்மோஸ்டாட் எந்தச் சூட்டிலும் நிறுத்தாது.

கடைக்குப் பழையதையே கையில் கொண்டு போங்கள். கம்பி நீளம் அதேதானா, 250 வோல்ட்டில் 16 ஆம்பியருக்குக் குறையாமல் எழுதியிருக்கிறதா பாருங்கள். கட்-அவுட் பல முறை விழுந்திருப்பதால் அதையும் சேர்த்து மாற்றுவது நல்லது. கம்பியோ குமிழோ தனிக் குழாய்க்குள் இருக்கும் மாடலில் டேங்க்கை வடிக்க வேண்டியதில்லை. உலர்ந்த நிலையிலேயே உருவிப் புதியதைச் செருகலாம். காயிலைக் கழற்றினால் மட்டும்தான் வடிக்க வேண்டும்.

படத்தைப் பார்த்து ஒயர்களைப் பூட்டுங்கள். எர்த் ஒயரைத் தவறாமல் கட்டுங்கள். பாறை நிலத்தில் எர்த் சரியாகப் பிடிப்பதில்லை என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர்) இல்லாமல் கீசர் ஓட்ட வேண்டாம். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, காற்றுச் சத்தம் நின்று தண்ணீர் ஒரே சீராக வந்த பிறகுதான் எம்.சி.பி-யைப் போட வேண்டும். டயலை 60-இல் வைத்தால் அரை மணி நேரம் வாக்கில் விளக்கு அணைய வேண்டும். 60 டிகிரி நீர் நேராகப் பட்டால் சில நொடிகளில் தோல் வெந்துவிடும். குழந்தைகள் இருந்தால் பக்கெட்டில் பச்சைத்தண்ணீரை முதலில் பிடியுங்கள். ஒரு வாரம் கழித்து எம்.சி.பி-யை இறக்கி, எல்லா ஸ்க்ரூவையும் மறுபடி ஒரு முறை முடுக்கிவிடுங்கள்.