இதய மாற்றுக்குப் பிறகு இசிஜியில் தாளம் சரியில்லை என்கிறார்கள், பயப்பட வேண்டுமா?

உங்கள் வீட்டில் ஒருவருக்கு மாற்று இதயம் வைத்து, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100-ஐத் தொடுகிறது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வேகம் மட்டும் என்றால் பயம் வேண்டாம். அறுவையில் துடிப்பை அடக்கிவைக்கும் வேகஸ் நரம்பு அறுபட்டுவிடும். அதனால் ஓய்விலும் 90 முதல் 110 வரை இருப்பது வழக்கம்தான்.

என் அண்ணனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வீடு தண்டையார்பேட்டையில். ஒரு ராத்திரி படபடப்பு என்றதும் பக்கத்திலிருந்த சின்ன மருத்துவமனைக்கு ஓடினோம். இசிஜியைப் பார்த்த டூட்டி டாக்டர், மேலறைத் தாளம் கெட்டிருக்கிறது என்று சொல்லி, துடிப்பைக் கணநேரம் தடுத்துத் தாளத்தைச் சரிசெய்யும் அடினோசின் ஊசிக்குத் தயாரானார். அண்ணி குறுக்கே நின்று, "இது மாத்து இதயம் சார், முதல்ல எங்க டாக்டர்கிட்ட பேசுங்க" என்று பழைய இசிஜியை நீட்டினார். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

அறுவை செய்த டாக்டர் போனில் விளக்கினார். அண்ணனுக்குச் செய்த முறையில், சொந்த மேலறையில் கொஞ்சத்தை விட்டு அதோடு புது இதயத்தைத் தைப்பார்கள். அந்த மிச்சத் தசையும் தன்பாட்டுக்குத் துடிக்கும். இசிஜியில் மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலைகள் இரண்டு விதமாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வரும். தெரியாதவர் கண்ணுக்கு அது கோளாறுதான். நரம்பில்லாத இதயத்துக்கு அடினோசின் வழக்கமான அளவிலேயே அதிகமாக வேலை செய்து, துடிப்பை நீண்ட நேரம் நிறுத்திவிடலாம் என்றும் சொன்னார்.

நான் டாக்டர் இல்லை. அந்த டூட்டி டாக்டரையும் குறை சொல்லவில்லை, அவர் கேட்டுக்கொண்டாரே, அதுவே பெரிது. "அப்படியானால் எல்லாமே பொய்க் கோளாறா?" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நிஜமாகவே புதிதாக ஏட்ரியல் ஃப்ளட்டர், அதாவது மேலறை மிக வேகமாகத் துடிக்கும் கோளாறு, வந்தால், உடல் இதயத்தை நிராகரிக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். எக்கோ எடுப்பார்கள், தேவைப்பட்டால் கழுத்து ரத்தக்குழாய் வழியாகத் தசைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். இந்த இதயத்தில் நெஞ்சுவலி தெரியாமலே போகலாம். மூச்சிரைப்பு, தலைசுற்றல், புதுச் சோர்வு என்றால் காத்திருக்காதீர்கள், மாற்று செய்த குழுவிடமே போங்கள்.

போவதுதான் எங்களுக்குப் பாடு. 2008-இல் விபத்தில் மூளைச்சாவடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் இதயம் முகப்பேருக்குப் போக ஊரே வழிவிட்டது. பொருத்திய பிறகு அதே மாதிரி ஓர் இதயத்தோடு வாழ்கிறவர் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ஆம்புலன்ஸில் கிடக்கிறார். துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்குத் தனி வழி கொடுங்கள் என்று எத்தனை வருஷமாகக் கேட்கிறோம்!