விடுதலைக்காகத் திருடியவர்கள்

அன்புள்ள ஐயா,

சிட்னியில் மகன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பாடிங்டனில் விக்டோரியா பாரக்ஸ் என்ற ராணுவ முகாமின் நீண்ட கற்சுவரை ஒட்டித்தான் என் காலை நடை. அந்தக் காலத்தில் பிரிட்டனிலிருந்து கப்பலேற்றி இங்கே அனுப்பப்பட்ட கைதிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அவர்களுக்குக் காவல் நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பற்றிப் பேச்சே இல்லை. கைதிகள் பாவம், சிப்பாய்களுக்கு இது சொகுசான உத்தியோகம் என்று நினைக்கிறேன். நல்ல வெயில், வேளைக்குச் சாப்பாடு, போரும் கிடையாது. சரிதானா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வெயில் மட்டும் சரி.

1826இல் 57ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த ஜோசப் சட்ஸ், பாட்ரிக் தாம்சன் என்ற இரண்டு சிப்பாய்கள் சிட்னியில் ஒரு கடைக்குள் புகுந்து துணி திருடினார்கள். பிடிபடுவதற்காகவே திருடினார்கள். கைதியாக வந்தவன் ஒழுங்காக இருந்தால், தண்டனைக்காலம் முடியும் முன்பே சொந்தமாகக் கூலிக்குப் போக அவனுக்குச் சீட்டு கொடுத்துவிடுவார்கள். பிறகு கடை வைப்பான், ஆடு வளர்ப்பான். காவல் நின்ற சிப்பாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். திருடினால் படையை விட்டுத் தள்ளிவிடுவார்கள், நாமும் ஒருநாள் அப்படிப் பிழைக்கலாம் என்பதுதான் அந்த இருவரின் கணக்கு.

ஆளுநர் ரால்ஃப் டார்லிங் ராணுவக்காரர். அவருக்கு இந்தக் கணக்கு புரிந்துவிட்டது. நீதிமன்றம் கொடுத்த தண்டனையை அவரே மாற்றினார்: ஏழாண்டுகள் விலங்குடன் சாலை வேலை, அது முடிந்ததும் மறுபடியும் படைக்கே திரும்ப வேண்டும்! சக சிப்பாய்கள் முன்னிலையில் இருவரின் சீருடையையும் கழற்றி, முள் நீட்டிய இரும்புப் பட்டையைக் கழுத்தில் மாட்டி, அதிலிருந்து கால் விலங்குக்குச் சங்கிலி இழுத்துக் கட்டி, முரசு கொட்டி வெளியேற்றினார்கள். ஏற்கெனவே நோயுற்றிருந்த சட்ஸ் சில நாட்களில் இறந்துபோனார். சிட்னிப் பத்திரிகைகள் டார்லிங்கை எளிதில் விடவில்லை.

சிப்பாய்க்கு ஆஸ்திரேலியா வழியில் இருந்த சத்திரம்தான். 1810க்கும் 1870க்கும் இடையில் இருபதுக்கும் மேற்பட்ட காலாட்படைப் பிரிவுகள் மாறி மாறி வந்தன. கைதிக் கப்பலில் காவலாக வந்து, சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் பல பிரிவுகள் இந்தியாவுக்குக் கப்பலேறின. 73ஆவது படைப்பிரிவு 1814இல் இலங்கைக்குப் போய், மறுவருடம் கண்டியைப் பிடித்த போரில் இருந்தது. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தது அந்தப் போர்தான்.

எல்லோரும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததும் இல்லை. 1844இல் 80ஆவது படைப்பிரிவின் ஒரு பகுதியினரைப் பெண்டுபிள்ளைகளோடு சிட்னியிலிருந்து கல்கத்தாவுக்கு ஏற்றிச் சென்ற ‘பிரிட்டன்’ என்ற கப்பலைப் புயல் அந்தமானில் அலையாத்திக் காட்டுக்குள் தூக்கிப் போட்டது. இங்கிலாந்திலிருந்து சிப்பாய்களோடு வந்த இன்னொரு கப்பலையும் அதே புயல் அருகிலேயே கரையேற்றியது. உதவி வரும்வரை அங்கேயே வாரக்கணக்கில் கிடந்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சிப்பாய்மீது மட்டும் இரக்கப்பட்டு நின்றுவிடாதீர்கள். ‘போரும் கிடையாது’ என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான். மக்குவாரி என்ற பெயரைச் சிட்னியில் தெருவிலும் பல்கலைக்கழகத்திலும் பார்த்திருப்பீர்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராகப் போரிட்ட அதே லாக்லன் மக்குவாரிதான் அவர். ஆளுநராக இருந்தபோது, 1816 ஏப்ரலில், பூர்வகுடிகளைப் பிடித்துவரப் படையை அனுப்பினார். எதிர்த்தால் சுட வேண்டும், கொல்லப்பட்ட ஆண்களின் உடல்களை மற்றவர்கள் அஞ்சும்படி மரங்களில் தொங்கவிட வேண்டும் என்பது ஆணை. சிட்னிக்குத் தென்மேற்கே ஆப்பினில், 46ஆவது படைப்பிரிவின் கேப்டன் ஜேம்ஸ் வாலிஸ் நள்ளிரவுக்குப் பிறகு நிலவொளியில் தராவல் மக்களின் முகாமைச் சூழ்ந்தார். சிலர் சுடப்பட்டார்கள், சிலர் தப்பி ஓடிச் செங்குத்தான பள்ளத்தாக்கில் விழுந்தார்கள். குறைந்தது 14 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் உண்டு. வருந்தத்தக்கது, ஆனாலும் தவிர்க்க முடியாத கடமை என்ற பொருளில் வாலிஸ் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

மறுவருடம் 46ஆவது படைப்பிரிவு மதராஸுக்குக் கப்பலேறியது.