வெள்ளை வேட்டி சட்டையில் ராத்திரி வரை பளிச்சென்று இருக்க எவ்வளவு நேரம் செலவாகும்?

கேள்வி: திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேரப் போகிறேன். தினமும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைதான். காலையில் போட்டது கடை அடைக்கும் வரை அப்படியே இருக்கணும் என்கிறார்கள். வீடு நாங்குநேரிப் பக்கம், போர் தண்ணீர். இதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கணும்? ஒட்டும் வேட்டி கட்டலாமா?

பதில்:

காலையில் அரை மணி நேரம், முந்தின இரவு ஐந்து நிமிடம், வாரத்தில் ஒரு நாள் துவைக்கவும் தேய்க்கவும் கைவேலை மட்டும் இரண்டு மணி நேரம். ஆறு நாள் வேலை என்று வைத்தால் வாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் வரும். இதில் கண்ணாடி முன்னால் நிற்பது கொஞ்ச நேரம்தான், மிச்சமெல்லாம் வாளிப் பக்கம். வீட்டில் அம்மாவோ மனைவியோ துவைத்துக் கொடுக்கிறார்கள் என்றால் ஐந்தரை மணி நேரம் குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம், அதே நேரத்தை அவர்கள் செலவழிக்கிறார்கள்.

வெள்ளையைக் கெடுப்பது பெரும்பாலும் அழுக்கு கிடையாது, போகாமல் தங்கிய சோப்பு. போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும் ஊர்களில் சோப்புக் கட்டி தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து பிசுக்காகி நூலுக்குள் உட்கார்ந்துவிடும். பத்துத் துவைப்பில் துணி சாம்பல் நிறம் தட்டும். அதன்மேல் இஸ்திரிப் பெட்டிச் சூடு பட்டால் மஞ்சளாகும். ஆகவே உங்கள் தண்ணீருக்குக் கட்டி சோப்பைக் காலரோடு நிறுத்திக்கொண்டு, ஊறப்போட டிடர்ஜென்ட் பவுடரோ திரவமோ வாங்குங்கள். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. குடிதண்ணீர் போதுமான அளவு வந்தால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது அதில் ஒரு வாளி எடுத்து வையுங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

துவைக்கிற முறை இதுதான். காலர், கை நுனி, அக்குள் மூன்றையும் முதலில் தண்ணீரில் நனைத்து, பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு விட்டு விரலால் தேய்த்துப் பத்து நிமிடம் வைத்துவிடுங்கள். கழுத்தில் படிவது தோலின் எண்ணெய், அதை எடுக்க இது போதும். பிறகு மென்மையான பிரஷ்ஷால் காலரின் நீளவாக்கில் மட்டும் தேய்க்க வேண்டும். குறுக்கே அழுத்தித் தேய்த்தால் மடிப்பு விளிம்பில் நூல் பிரிந்து, நாலு மாதத்தில் பஞ்சு தெரியும். அதன்பின் அரை வாளித் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி பவுடர் போட்டு நன்றாகக் கலக்கி, அரை மணி நேரம் ஊறட்டும். ராத்திரி முழுக்க ஊறப்போடுவது பலருக்கும் பழக்கம். அதனால் லாபம் ஒன்றும் இல்லை, கரைந்த அழுக்கு திரும்பத் துணியில்தான் படியும். வெள்ளையோடு வெள்ளை மட்டும்தான், ஜரிகைக் கரை, கலர்க் கரை வேட்டிகள் தனி வாளி.

அலசுவது மூன்று வாளி. பிழிந்த தண்ணீர் தெளிவாக இருந்தால் போதாது, விரல் இடுக்கில் வழுவழுப்பு இருக்கக்கூடாது. அது போகும் வரை நாலாவது வாளியும் எடுங்கள். காலரை மட்டும் முறுக்கிப் பிழியாதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் கேன்வாஸ் விட்டுப்போனால் காலர் கொப்பளம் கொப்பளமாக நிற்கும், எந்தத் தேய்ப்பாலும் அது சரியாகாது.

பிளீச்சிங் பற்றி ஒரு எச்சரிக்கை. போர் தண்ணீரில் இரும்பு இருந்தால், குளோரின் பிளீச் விட்டதும் அது துருவாக மாறித் துணி முழுக்கப் படியும். வெளுக்க ஊற்றியது பழுப்பாக்கிவிட்டுப் போகும். அக்குளில் வரும் மஞ்சளுக்கும் பிளீச் சரிப்படாது. வியர்வை வராமலிருக்கப் பூசும் வகைகளிலுள்ள அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்துதான் அந்த மஞ்சள், பிளீச் பட்டால் இன்னும் ஏறும். ஆக்சிஜன் வகைக் கறை நீக்கிப் பவுடர் கிடைக்கிறது. அதில் ஒரு கரண்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊற வைத்தால் பாதிக்கு மேல் இறங்கும். அதைவிட நல்ல வழி, கை வைத்த பனியன் போடுவது. வியர்வை முதலில் பனியனில் இறங்கும், சட்டை தப்பிக்கும்.

நீலத்துக்கு வருவோம். கடைசி வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் ஐந்தாறு சொட்டு விட்டு, கையால் கலக்கி, தண்ணீர் வெளிர் நீலமாக ஆன பிறகே துணியை இறக்க வேண்டும். துணிமேல் நேராகச் சொட்டினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். சோப்பு தங்கிய துணியில் நீலம் சீராக ஏறாது. வெள்ளைச் சட்டையின் முதுகில் ஊதா வரி தெரிந்தால் குற்றம் நீலத்தில் இல்லை, அலசலில்.

கஞ்சியை இதே தண்ணீரில் சேர்க்கலாம். வடிகஞ்சி என்றால் பருக்கை இல்லாமல் துணியில் வடிகட்டிய கெட்டிக் கஞ்சி ஒரு டம்ளர், தண்ணீர் ஒன்பது பத்து டம்ளர். மூன்று வேட்டிக்குச் சரியாக இருக்கும். குக்கரில் சோறு பொங்கும் வீட்டில் கஞ்சிக்கு எங்கே போவது? ஜவ்வரிசி இரண்டு மேசைக்கரண்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடி போல ஆகும் வரை காய்ச்சி, வடிகட்டி, இன்னும் மூன்று லிட்டர் தண்ணீர் சேருங்கள். சட்டைக்குக் காலர், கை நுனி, பட்டன் பட்டி இவ்வளவுக்கு மட்டும் கஞ்சி போதும். உடம்பு முழுக்கப் போட்டால் காற்று நுழையாது, சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கே முதுகு ஒட்டிக்கொள்ளும். கஞ்சி அதிகமான வேட்டி உட்கார்ந்து எழுந்ததும் முட்டியில் உடைந்த மாதிரி கோடு விடும், அந்தக் கோடு ராத்திரி வரை போகாது. விறைப்பாக நிற்கிற வேட்டி கல்யாண வீட்டுக்கு அழகு. பத்து மணி நேரம் கவுண்டருக்கும் ரேக்குக்கும் நடப்பவருக்கு முறுக்கு குறைவாக இருப்பதே நல்லது.

காயப்போடும்போது வேட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு நுனி பிடித்து உதறி இழுத்துக் கொடியில் போட்டால் தேய்ப்பில் பாதி வேலை மிச்சம். சட்டையைத் தலைகீழாகக் கொடியில் போடாமல் ஹேங்கரில் மாட்டுங்கள். திசையன்விளை, குட்டம் பக்கத்துத் தேரி மண் ஊர்களில் ஆடிக் காற்று அடிக்கிற மாதங்களில் வெளியே போட்ட வேட்டி செம்மண் நிறத்தில் திரும்பி வரும். அந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்குள் கொடி கட்டிக்கொள்கிறார்கள். மண் ஒட்டிவிட்டால் நனைப்பதற்கு முன் உதறிவிடுங்கள், நனைத்தால் இரும்புச் சத்துள்ள அந்தப் பொடி நூலில் இறங்கிவிடும்.

தேய்ப்புக்கு ஒரே விதிதான்: கொஞ்சம் ஈரம் வேண்டும். நல்ல தேய்ப்புக்காரர் “முழுசாக் காய விடாம கொண்டாங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிடுவார். எலும்பாகக் காய்ந்த கஞ்சித் துணியில் பெட்டியை வைத்து இழுத்தால் கஞ்சி கருகிப் பழுப்புத் தடம் விழும். காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்து, சுருட்டி, பத்து நிமிடம் வைத்துவிட்டு எடுங்கள். சட்டையில் முதலில் காலரின் அடிப்பக்கம், இரண்டு நுனியிலிருந்தும் நடுவை நோக்கி. நடுவிலிருந்து நுனிக்குத் தேய்த்தால் சுருக்கம் எல்லாம் நுனியில் போய்ச் சேரும், எதிரே நிற்பவர் பார்வை விழும் இடமே அதுதான். பிறகு தோள், கை நுனி, கை, முன்பக்கம், கடைசியில் முதுகு. சட்டைக்கு ஆறு நிமிடம், வேட்டிக்கு ஐந்து. ஆறு ஜோடிக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. இந்த ஒரு வேலையை வெளியே கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. சிரட்டைக் கரி போட்ட கனமான பெட்டிக்கு ஈடாக வீட்டுப் பெட்டி நிற்காது, கனம்தான் அங்கே பாதி வேலை செய்கிறது. ஆனால் துவைப்பதைக் கொடுக்காதீர்கள். உங்கள் காலரில் எந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது என்று வேறு யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வேட்டி வாங்கும்போது நூலின் கவுண்ட் எண்ணைக் கேளுங்கள். எண் கூடக் கூட நூல் மெலிசு. 80, 100 எல்லாம் கையில் பட்டாக இருக்கும், ஆனால் சீக்கிரம் கசங்கும், வெளிச்சத்தில் உள்ளே தெரியும். வேலைக்கு 40 கவுண்ட் போதும். நாலு முழம் என்றால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஒற்றை வேட்டி, எட்டு முழம் இரட்டை. நாள் முழுக்க நிற்பவருக்கு எட்டு முழம் மானம் காக்கும், வியர்க்கவும் செய்யும். எத்தனை ஜோடி என்றால் ஆறு. ஐப்பசி கார்த்திகையில் ஒரு துணி காய இரண்டு நாள் எடுக்கும், அப்போது எட்டு. ஈரவாடையோடு தேய்த்து மடித்த சட்டை காலையில் நன்றாகத்தான் இருக்கும். உடம்புச் சூடு பட்டதும் மத்தியானம் நாற்றம் கிளம்பும், சென்ட் அடித்தால் இரண்டும் சேர்ந்து இன்னும் மோசம்.

கறைகளில் நம் ஊருக்கென்று சில உண்டு. மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி சிந்தினால் பச்சைத் தண்ணீரில் முதலில் அலசுங்கள், தேங்காய்ப்பாலும் பருப்பும் சுடுதண்ணீரில் வெந்து ஒட்டிக்கொள்ளும். எண்ணெயை எடுப்பது அதற்குப் பிறகு. மஞ்சள் பட்ட இடம் சோப்பு போட்டதும் சிவப்பாகும், பதற வேண்டாம். அலசி வெயிலில் போட்டால் ஓரிரு நாளில் வெளிறும். குங்குமத்தை நனைக்காமல் உதறுங்கள். அல்வா நெய்க்கு முகப்பவுடர் தூவி அரை மணி நேரம் கழித்துத் தட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம். வாழைக்கறை மட்டும் பட்டவுடனே கழுவினால்தான் உண்டு. காய்ந்து கறுத்தால் அந்த வேட்டி வயலுக்கும் வீட்டுக்கும்தான்.

இனி உடம்பு. தாடி ஒரு நாளில் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வளரும், ஆறு மணிக்கு மழித்தால் ராத்திரி எட்டு மணிக்கு நிழல் தட்டும். அதைத் தடுக்க முடியாது. முடி வளரும் திசைக்கு எதிராக இரண்டு முறை இழுத்தால் கழுத்தில் கொப்பளம்தான் மிச்சம். குளித்த பிறகு, ஈரமாக இருக்கையில், முடி வளரும் திசையில் ஒரு தடவை. கடைசியில் படிகாரம். எட்டு நிமிடம். சலூனுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை. ஞாயிறு கூட்டம், செவ்வாய் பெரும்பாலும் விடுமுறை. புதன் காலை போனால் காத்திருக்க வேண்டாம். எண்ணெய்க் குளியலை லீவு நாளில் வையுங்கள். மறுநாள் வரை தலையில் எண்ணெய் கசியும், அது இறங்குவது காலரில்தான். மீசைக்குச் சாயம் அடிப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை அடிக்க வேண்டும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் அடியில் வெள்ளைக் கோடு அதற்குள் தெரியும். சாயத்திலும் “கறுப்பு மருதாணி” என்று விற்பதிலும் பிபிடி என்ற பொருள் இருக்கக்கூடும். சிலருக்கு உதடு வீங்கும் அளவுக்கு ஒவ்வாது. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்த்துவிட்டே முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

வேட்டி கட்டுகிறவர்களுக்குப் பாதம் ஒளியாது. குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தால் மேலே எவ்வளவு வெள்ளையும் எடுபடாது. இரவில் பத்து நிமிடம் பாதங்களை வெந்நீரில் வைத்து, கல்லால் லேசாகத் தேய்த்து, ஈரம் இருக்கும்போதே வாசலின் தடவிப் பழைய சாக்ஸ் மாட்டிக்கொண்டு படுங்கள். வாரம் இரண்டு முறை போதும். செருப்பின் மேல்பக்கத்தைத் தினமும் துடையுங்கள், குதிகால் கறுப்பாவது அங்கிருந்துதான்.

நாங்குநேரியிலிருந்து பைக்கில் டவுன் வரை வேட்டியோடு வருவது வீண். மடித்துக் கட்டினால் நடுவில் கோடு, இறக்கிவிட்டால் செயின் மையும் சாலைத் தூசியும். பேண்ட் போட்டு வந்து, தேய்த்த வேட்டியைத் தட்டையான பையில் கொண்டுவந்து கடையில் மாற்றுங்கள், நாலு நிமிடம். தலை காய்ந்த பிறகே ஹெல்மெட். பஸ்ஸில் வந்தால் உட்காரும்போது வேட்டியின் பின்பக்கத்தைக் கையால் நீவிவிட்டு உட்காருங்கள். முந்தின இரவு ஐந்து நிமிடம் என்றேனே, அது பட்டன் எல்லாம் இருக்கிறதா, பையில் வேட்டி ஏறியதா, பனியன் காய்ந்ததா என்று பார்க்க. காலையில் பட்டன் தைப்பவர் தாமதமாகத்தான் வருவார்.

ஒட்டும் வேட்டி தாராளமாகக் கட்டலாம். ஏணியில் ஏறிச் சரக்கு எடுப்பவருக்கு அதுதான் பாதுகாப்பு. இடுப்பு அளவு பார்த்து வாங்குங்கள், பெரிதாக இருந்தால் ஒட்டுப் பட்டி ஓரத்தோடு நின்று சாயங்காலம் நழுவும். துவைக்கும்போது பட்டியை ஒட்டிவிட்டு ஊறப்போடுங்கள், திறந்திருந்தால் கூடக் கிடக்கிற சட்டைகளின் நூலையெல்லாம் இழுத்துவிடும். பிடிப்பு குறைந்தால் பட்டியின் சொரசொரப்பான பக்கத்தில் சிக்கிய பஞ்சைப் பழைய டூத்பிரஷ்ஷால் எடுத்துவிட்டால் திரும்பப் பிடிக்கும். அந்தப் பட்டியின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி மட்டும் படக்கூடாது, உருகிவிடும். தேய்க்கக் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள்.