உறையிட்ட இன்சுலின் செல்கள்: மன்னார்குடி அன்பருக்கு

முதல் வகை நீரிழிவுள்ள தங்கள் மகளுக்கு இன்சுலின் சுரக்கும் செல்களை உறையிலிட்டு உடலுக்குள் பொருத்தித் தருவதாகச் சொல்லும் தரகரிடம், குறுவை நெல் விற்ற பணத்தை முன்பணமாகக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் உறை, சர்க்கரையையும் ஆக்சிஜனையும் உள்ளே விட்டு, இன்சுலினை வெளியே விட்டு, நோயெதிர்ப்புச் செல்களைத் தடுக்கும் என்பது உண்மையே. 1980-இலேயே லிம், சன் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் எலிகளிடம் இதைச் செய்து காட்டினர். ஆனால் மனித உடல் அவ்வுறையை அந்நியப் பொருளாகக் கருதி அதன்மேல் நார்த்திசுவைப் படரவிட்டால், உள்ளிருக்கும் செல்கள் ஆக்சிஜனின்றி மடிந்துவிடும். உறைக்குள் வைத்த செல்கள் போதிய இன்சுலின் சுரக்காததால், வெர்டெக்ஸ் என்னும் அமெரிக்க மருந்து நிறுவனமும் 2025-இல் தன் உறை முயற்சியைக் கைவிட்டது.

எவர் என்ன சொன்னாலும் குழந்தையின் ஊசியை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். மின்சாரம் நின்றுபோகும் புயல் நாள்களில், இன்சுலின் குப்பியை ஈரமணல்மீது வைத்த மண்பானைக்குள், நீர் படாமல் மூடி வையுங்கள்.